வாழைநாரால் கட்டிய டிஏபி மூட்டைகள்

ஆலைக்காரர்கள் விதைக்கரும்பு தேடி வந்தால் நேராக எங்கள் கொல்லைக்குத்தான் வருவார்கள். இதை எழுதும்போதே எனக்கு முதுகு நிமிர்கிறது, என்ன செய்ய. திருவிடைமருதூருக்கு வடக்கே, ஆற்றுப் படுகையில் நாலு ஏக்கர். சுற்று வட்டாரத்தில் யார் புதிதாகக் கரும்பு நட்டாலும் அந்தக் கரணை எங்கள் கொல்லையில் நறுக்கியதாக இருக்கும். ஏழு மாதத்துக் கரும்பை வெட்டி, மூன்று பரு இருக்கும்படி துண்டு போட்டால் அதுதான் கரணை. அதைத்தான் மண்ணில் புதைக்கிறோம்.

விதைக்கு வெட்டும் நாளில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கரும்புக் கட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அந்தக் கொல்லைக்காரியே தன் கையால் தூக்கி டிராக்டரில் ஏற்ற வேண்டும். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷத்திலிருந்து அந்தக் கட்டைத் தூக்கியவள் நான். ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்று பார்ப்பார்கள். அன்றைக்கு நான் கட்டுகிற புடவை தீபாவளிப் புடவையை விட நன்றாக இருக்கும்.

பிறகு பாகம் பிரித்தோம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர், கொழுந்தனுக்கு இரண்டு ஏக்கர். மூத்தவர்கள் என்பதால் எங்களுக்குத்தான் முதலில் கேட்கிற உரிமை. நான் மேல் பங்கைக் கேட்டு வாங்கினேன், தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். கீழ்ப் பங்கு ஓரகத்திக்குப் போனது. நடுவே ஒரு வரப்பு. வரப்பை ஒட்டி என் கொல்லைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில், கொழுந்தன் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில். ஆக, கொல்லை பெண்டாட்டிகள் இரண்டு பேர் தலையில்.

ஓரகத்தி நீடாமங்கலத்துப் பக்கம். நெல்லைப் பார்த்தே வளர்ந்தவள். வந்த புதிதில் "கரும்புக்கு எதுக்குக்கா மண்ணு அணைக்கிறோம்?" என்று கேட்டவள். அவள் கொல்லை செய்கிற அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக வரும். கரும்பு வெட்டியதும் நான் சோகையை, அதுதான் காய்ந்த தோகையை, கொளுத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவேன். அவள் அதை இழுத்து இழுத்து, கரும்பு வரிசைக்கு நடுவே, பார் இடுக்கில் பரப்பிக்கொண்டிருப்பாள். யாராவது எதையாவது தூக்கி எறிந்தால் அது அவளுக்கு வேண்டும். ஒரு நாள் என் மோட்டார் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தக் காலிச் சாக்கையெல்லாம் எடுத்துக்கட்டுமா? அப்படியே வடிவாய்க்கால்ல மண்ணு தூர்ந்து கிடக்கு, அதையும் அள்ளிக்கிறேன்."

"தாராளமா எடுத்துக்கோ. குப்பைதானே," என்றேன். அவள் போன பிறகு, பஞ்சத்துல அடிபட்டது போல என்று முணுமுணுத்ததும் ஞாபகம் இருக்கிறது. விஷயத்தை அன்றோடு மறந்துவிட்டேன்.

காலிச் சாக்குக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. டிஏபி உரம் என்றால் எனக்கு உயிர். மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால் குருணை குருணையாக, கேழ்வரகை அள்ளுவது போல இருக்கும். ஊரில் மற்றவர்கள் ஒரு மூட்டை போட்டால் நான் இரண்டு போடுவேன். நடும்போது ஒரு தரம், மண் அணைக்கும்போது ஒரு தரம், கரும்பு கொஞ்சம் வாடினாற்போல் தெரிந்தால் மனசு கேட்காமல் இன்னொரு தரம். பிள்ளைக்குச் சோறு போடும்போது அளந்தா போடுவோம்?

பாகம் பிரித்த நாலாம் வருஷம் கரும்பு அலுவலர் வந்தார். ஆலையிலிருந்து கொல்லை கொல்லையாக வந்து விதைக்கரும்பு தேர்ந்தெடுப்பவர் அவர்தான். என் கொல்லைக்குள் போனார், வந்தார். வரப்பைத் தாண்டி அவள் கொல்லைக்குள் போனார். வெகுநேரம் வரவே இல்லை. வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த வருஷம் கீழ்ப் பங்குல எடுத்துக்குறோம். கணு நீளமா, பரு திரட்சியா இருக்கு."

வயிறு எரிந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது, அன்று மோர் குடித்தும் அடங்கவில்லை. வெட்டுகிற நாளில் அவள் மாம்பழக் கலரில் ஒரு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கட்டைத் தூக்கத் தெரியவில்லை, பாதியில் தடுமாறினாள். தடுமாறியதற்கே ஊர்ப் பெண்கள் கைதட்டினார்கள். நான் இத்தனை வருஷம் தடுமாறாமல் தூக்கியதற்கு ஒருத்தியும் தட்டியதில்லை. நானும் தட்டினேன், தட்டாவிட்டால் பேசுவார்களே.

அதோடு போகவில்லை. ஆலையில் விவசாயிகள் கூட்டம் போட்டபோது அலுவலர் அவளை எழுப்பி, என்ன செய்தாய் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். எழுந்து நின்றாள். தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்.

"மண்ணு பரிசோதனை பண்ணேங்க. மணிச்சத்து தேவைக்கு மேலயே இருக்குன்னு வந்துச்சு. அதனால டிஏபியப் பாதியாக் குறைச்சுட்டேன். நடும்போது மட்டும்தான் போட்டேன். மண்ணுல கிடக்குற மணிச்சத்தக் கரைச்சுக் குடுக்குமாமே, அந்த பாஸ்போபாக்டீரியாவத் தொழுவுரத்துல கலந்து விட்டேன். சோகையக் கொளுத்தல. அவ்வளவுதாங்க."

மணிச்சத்து என்பது டிஏபியில் இருக்கிற சத்து. வேர் இறங்க, தூர் கட்ட அதுதான் வேண்டும். அதைக் குறைத்தாளாம், கரும்பு கூடிற்றாம்! புளுகு. பச்சைப் புளுகு. நம்மையெல்லாம் குறைக்கச் சொல்லிவிட்டு இவள் மட்டும் கொட்டுகிறாள் என்று அங்கேயே முடிவு கட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மெதுவாகச் சொல்லவும் சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "உங்க தம்பி பொண்டாட்டிய மேடையில ஏத்தாத குறைதான். ஒண்ணும் போடாமலே விளையுதாம் அவளுக்கு."

"விளைஞ்சா விளையட்டுமே. உனக்கு என்ன வந்துது?"

"எனக்கு என்ன வந்துதா? நீங்க அங்கேயே இருங்க," என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவும் இல்லை.

அடுத்த தையில் இரண்டு பேரும் புதிதாக நட்டோம். இந்தத் தடவை கட்டு என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் என் கொல்லையைப் பார்ப்பதற்கு முன் அவள் கொல்லையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. என் கரும்பு முழங்கால் உயரம் என்றால் அவளுடையது என்ன உயரம்? என்னுடையதில் ஒரு தூருக்கு ஐந்து முளை என்றால் அவளுடையதில் எத்தனை? வரப்பில் உட்கார்ந்து, செருப்பில் முள் ஏறினாற்போல் குனிந்துகொண்டு, அவள் தூரை எண்ணியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பங்குனி மாதம் ஒரு காலை அப்படிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அவள் வரப்பு ஓரத்தில் வரிசையாக மூட்டைகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் டிஏபி சாக்கு, எழுத்து இங்கிருந்தே தெரிந்தது. ஒவ்வொன்றும் புடைத்துக்கொண்டு நிறைமாதக்காரி போல உட்கார்ந்திருந்தது.

அடிப்பாவி என்றேன், வாய்விட்டே. எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் நிம்மதி. நான் நினைத்தது சரிதான் என்கிற நிம்மதி.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூட்டைகளின் வாய் வாழைநாரால் கட்டியிருந்தது. கடையிலிருந்து வருகிற டிஏபி மூட்டை மிஷின் தையல் போட்டு வரும். ஆயிரம் மூட்டை பிரித்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். வாழைநாரைப் பார்த்தேன், பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலு எட்டு வைத்தால் போதும், ஒரு நாரை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். அவள் கொல்லை மண்ணை மிதிப்பதா என்கிற வீம்பில் வரப்பிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நேராக உரக்கடைக்குப் போனேன். கடைக்காரரே கேட்டார், "நட்டப்பவே ரெண்டு பங்கு போட்டீங்களேம்மா, மறுபடியுமா? இப்ப யூரியாவும் பொட்டாசும் வெச்சாப் போதுமே."

"உங்களுக்கு விக்கிறதுதானே வேலை? ஏத்துங்க," என்றேன்.

மண் அணைப்பதற்கு முன்னால் ஒரு தரம், அணைத்து இருபது நாள் கழித்து ஒரு தரம். ஆளை விட்டால் கை குறைத்து வீசுவார்கள் என்று நானே பார் பாராக நடந்து தூவினேன். ஒவ்வொரு பிடி வீசும்போதும் வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை. ஒரு தடவை அவள் நிமிர்ந்து, "என்னக்கா, வெயில்ல தனியா கஷ்டப்படுறீங்க? நான் வரட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம் தாயே, உன் வேலையப் பாரு," என்றேன்.

வைகாசி நடுவில் குருத்து வெளுக்கத் தொடங்கியது. முதலில் நாலு தூர், பிறகு நாலு பார். அடி இலை பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் வெளிறி, கோடு கோடாக, சில இடத்தில் காகிதம் போல வெள்ளையாகவே வந்தது. கணு குறுகிப்போய்க் கரும்பு மேலே ஏறவே இல்லை. அவளுடையது என் தலைக்கு மேலே சலசலத்துக்கொண்டு நின்றது.

எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? கண்ணேறு. அவள் கண்தான் பட்டுவிட்டது! விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அவள் கரும்பையே முறைத்துக்கொண்டிருந்தவள் நான், ஆனால் கண் வைத்தது அவளாம். பூசணிக்காய் வாங்கி முகம் எழுதி, அவள் பக்கம் பார்க்கும்படி கழியில் கட்டித் தொங்கவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கரும்பும் பச்சை ஆகவில்லை.

கடைசியில் அலுவலரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் ஒரு குருத்தைப் பிடுங்கிப் பார்த்தார். நாலைந்து இடத்தில் மண் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்துக் கையில் ஒரு தாளோடு வந்தார். ஓரகத்தியும் தன் வேலையை விட்டுவிட்டு வரப்பருகே வந்து நின்றாள். யார் கூப்பிட்டார்கள் இவளை என்று எனக்கு எரிச்சல்.

"ஏம்மா, இது மண்ணா, உரக்கடையா?" என்றார் அலுவலர். "இத்தனை வருஷம் போட்ட மணிச்சத்து பூராவும் இங்கதான் கிடக்கு. கரும்பு தின்னது கொஞ்சம், மிச்சத்த மண்ணு புடிச்சு வெச்சிருக்கு. அது மிஞ்சிப் போனா ஜிங்க்கையும் இரும்பையும் பயிருக்கு ஏற விடாது. பந்தியில ஒருத்தனே இலைய அடைச்சுக்கிட்டு உக்காந்தா அடுத்தவன் எங்க சாப்பிடுறது? அதான் குருத்து வெளுத்துப்போச்சு. இதுல இப்ப ரெண்டு தரம் மேலுரமா வேற டிஏபி போட்டிருக்கீங்க. யாரு போடச் சொன்னா?"

எனக்குக் காது சுட்டது. அவள் முன்னாலா இதைக் கேட்க வேண்டும்?

"நான் மட்டுமா போட்டேன்?" என்றேன். "இவ போடலியா? கூட்டத்துல பாதி போட்டேன்னு சொன்னா. பங்குனியில பன்னெண்டு மூட்டை வரப்புல அடுக்கி வெச்சிருந்தா, நான் என் கண்ணால பார்த்தேன். அவ போட்டா விளையும், நான் போட்டா வெளுக்குமா?"

ஓரகத்தி விழித்தாள். "மூட்டையா? எந்த மூட்டைக்கா?"

"நடிக்காதடி. டிஏபி மூட்டை."

 அவள் திரும்பி நடந்து, தன் கொல்லை மூலையில் மிச்சம் கிடந்த ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவே போட்டாள். வாழைநாரை அவிழ்த்தாள். அலுவலர் கையை விட்டு அள்ளினார். கறுப்பாக, மாவு போல, வண்டல்.

"வாய்க்கா மண்ணு சார்," என்றாள். "வருஷா வருஷம் கோடையில வடிவாய்க்கால்ல வாரி, மண்ணு அணைக்குறதுக்கு முன்னால கரும்புக்குப் போடுவேன். சாக்கும் அக்கா குடுத்ததுதான். அக்காதான் எடுத்துக்கச் சொன்னாங்க."

அலுவலர் வாய்க்காலைப் பார்த்தார், என் மேல் பங்கைப் பார்த்தார், அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "மணிச்சத்து தண்ணியில கரைஞ்சு ஓடுறது கம்மிம்மா. மண்ணைப் புடிச்சுக்கிட்டு மண்ணோடதான் போகும். மழைக்கு உங்க மேல்மண்ணு கரைஞ்சு வாய்க்கால்ல படிஞ்சிருக்கு. அதை இவங்க வாரி மேல போட்டுக்குறாங்க. அப்புறம் இவங்களுக்கு எதுக்கு டிஏபி?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கத்தினேன். "அப்போ என் டிஏபியத் தின்னுதானடி உன் கரும்பு வளர்ந்துருக்கு? என் உரம், என் மண்ணு, என் சாக்கு! கட்டு மட்டும் நீ தூக்குறியா?"

"குப்பைதானே எடுத்துக்கோன்னு சொன்னீங்கக்கா," என்றாள், மெதுவாக.

 புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தேன். எவ்வளவுதான் வாரியிருக்கிறாள், பார்த்துவிடலாம் என்று. ஒரு கூடை என் பங்கிலிருந்து கூடுதலாக எடுத்திருந்தால் போதும், அன்றைக்குப் பஞ்சாயத்தே வைத்திருப்பேன்.

வாய்க்கால் நெடுக, நடுவில் கயிறு பிடித்து வெட்டினாற்போல் ஒரு கோடு. அவள் பக்கத்துப் பாதி முழங்கால் ஆழம் இறங்கியிருந்தது. என் பக்கத்துப் பாதியில் அவள் மண்வெட்டியே வைக்கவில்லை, நாலு வருஷத்து வண்டல் அப்படியே மேடு தட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று நான் சொல்லியும் பாதியைத்தான் எடுத்திருக்கிறாள். சண்டை போடக்கூட இடம் வைக்கவில்லை, பாவி. அவள் கரும்பைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் அன்று பட்டதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஜிங்க் சல்பேட்டும் அன்னபேதியும் வாங்கி வந்தேன். அன்னபேதி இரும்புச் சத்து, கரைத்து இலையில் தெளிப்பது. அவள் தன் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு கூப்பிடாமலே வந்துவிட்டாள். "பூசணிக்காய எடுத்துடட்டுமாக்கா?" என்று கேட்டாள். "எடு," என்றேன். குருத்து மெல்லப் பச்சையாயிற்று, ஆனால் போன வளர்ச்சி போனதுதான். அந்த வருஷமும் கட்டை அவள்தான் தூக்கினாள். தடுமாறவில்லை, பழகிவிட்டிருந்தாள். நான் தலைவலி என்று வீட்டிலேயே படுத்திருந்தேன். தலைவலி இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

அந்தக் குட்டைக் கரும்பை ஆலைக்கு வெட்டி அனுப்பிவிட்டு மறுபடி தையில் நட்டேன். அலுவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், டிஏபி ஒரு பிடி கூடாது, உங்கள் மண்ணில் இருப்பதே கொஞ்ச வருஷத்துக்குக் காணும் என்று. தொழுவுரத்தில் பாஸ்போபாக்டீரியா கலந்து பாரில் இட்டேன். என் பாதி வாய்க்காலை வாரி, கூலி ஆளோடு ஆளாக நானும் சுமந்தேன். இனி மண் வாய்க்காலுக்குப் போகக் கூடாது என்று சோகையைக் கொளுத்தாமல் பரப்பினேன், அவள் செய்ததைப் போலவே, பற்களைக் கடித்துக்கொண்டு. மோட்டார் கொட்டகையில் ஒரே ஒரு டிஏபி மூட்டை மீந்திருந்தது. நட்ட அன்று மூன்று தடவை போய் அதைத் தொட்டுவிட்டு வந்தேன். ஒரு பிடி, ஒரே ஒரு பிடி போட்டால் என்ன என்று கை துறுதுறுத்தது. நம்மால் ஆகாது என்று மறுநாள் காலையில் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். உரக்கடைக்காரர் அப்படி முழித்து நான் பார்த்ததில்லை.

ஆவணியில் அலுவலர் வந்தார். அவள் கொல்லையை முதலில் பார்த்தார். என் கொல்லைக்குள் போனவர் வெகுநேரம் வரவே இல்லை. நான் வரப்பில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, "மேல் பங்கும்மா, இந்த வருஷம்," என்றார்.

கட்டைத் தூக்கினேன். அரக்கு நிறப் புடவை, மயிலாடுதுறையில் போய் எடுத்தது. இடுப்பு முன்னைப் போல் இல்லை, கொஞ்சம் தடுமாறினேன். யாரோ கைதட்டினார்கள். டிராக்டர் போனதும் எல்லோரும் கலைந்தார்கள். ஓரகத்தி மட்டும் போகவில்லை. என் கரும்புத் தோகையைத் தடவிப் பார்த்தாள். ஒரு கரும்பின் கணுவைச் சாண் வைத்து அளந்தாள்.

"என்னக்கா போட்டீங்க?"

"ஒண்ணும் போடலடி. நீ போடுறதுதான்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதாக்கா?"

"சத்தியமாடி. டிஏபி ஒரு பிடி போடல."

"சரிக்கா. நம்புறேன்," என்றாள்.

ஆனால் அவள் கண் என் மேல் இல்லை. என் தோளுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை. அதன் வாசலில், கோடையில் நான் வாரியதில் மீந்தது, ஏழெட்டு டிஏபி மூட்டைகள். வாய் வாழைநாரால் கட்டியிருந்தது. நார் கட்டிய மூட்டையில் என்ன இருக்கும் என்று இந்த ஊரிலேயே அவளுக்குத்தான் முதலில் தெரியும். அப்படியும் அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. உதடு காய்ந்து, கழுத்து கொஞ்சம் நீண்டு, இமைக்காமல். நான் இத்தனை நாள் வரப்பில் நின்றபோது என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. இதைத்தான் அவள் தினம் பார்த்திருக்கிறாள், பார்த்துவிட்டு "நான் வரட்டுமா" என்றும் கேட்டிருக்கிறாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முதல் மூட்டையின் நாரை அவிழ்த்தேன்.

"பாரு."

"ஐயோ, வேணாங்கக்கா. நான் ஒண்ணும் அப்படி நினைக்கல..."

"பாருடி."

அவள் குனிந்து, மேல் மண்ணை லேசாகத் தொட்டாள். பிறகு வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாவது மூட்டையையும் அவிழ்த்து அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.